போட்டோவுக்கு மட்டும் வந்த தண்ணீர்

மே 12, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக, நகரத்தில் பாணேரில் இருக்கும் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, குடம் நிரம்பி வழிவதைக்கூட கவனிக்காமல் நின்றேன். மதியம் கிராமத்துப் பண்ணை வீடுகளின் குடிநீர் இணைப்புகளை ஆய்வு செய்யப் போனேன். போன மாதம் நேரில் வராமல், ஒப்பந்ததாரர் அனுப்பிய படங்களை மட்டும் பார்த்து, தண்ணீர் வருகிறது என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான். குழாயைத் திருகினால் காற்றுகூட வரவில்லை.

"அன்னிக்கு மட்டும் டேங்கர் தண்ணிய பைப்புல விட்டாங்க மேடம். நல்ல புடவை கட்டிட்டு வந்து நில்லுன்னு போட்டோ எடுத்தாங்க," என்று வீட்டுக்காரி மராத்தியில் சொல்லிச் சிரித்தாள்.

"படத்துல தண்ணி விழுதே மேடம், அப்புறம் என்ன?" என்றார் கூட வந்திருந்த ஒப்பந்ததாரர்.

பற்றிக்கொண்டு வந்தது. அவரைவிட என்மேல்தான் அதிகம். வேலைக்கே ஆபத்து வரலாம். வரட்டும். அந்தக் கையெழுத்து தவறு என்று நாளை நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன். வீட்டில் என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.