தட்டுக்கு ஒரு தலையாட்டல்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம், அம்மா நலம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்பதை எல்லாரும் எழுதுகிற மாதிரி சும்மா எழுதவில்லை, டாக்டர் வாயால் கேட்டுவிட்டு எழுதுகிறேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, மெதுவாக வருகிறேன். மெதுவாகத்தான் வர முடியும், ஒரு நாளைக்கு அரைப் பக்கத்துக்கு மேல் என் கை ஓடாது. எழுத்தைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை என்று நினைத்துவிடாதே, அப்பாவேதான். மாலை வகுப்புக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஆசிரியை என்னை முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார், கெட்டிக்காரன் என்று இல்லை, காது மந்தம் என்று. இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள்.

படிக்க வந்துவிட்டால் மனுஷனுக்கு ஒரு வெறி பிடிக்கிறது. மருந்துச் சீட்டு, பஸ் பலகை, மின்சார பில்லின் பின்பக்கம், எதையும் நான் விடுவதில்லை. அப்படித்தான் ஃபிரிட்ஜுக்கு மேலே மாத்திரை டப்பாவுக்கு அடியில் கிடந்த உன் கடிதங்களையும் எடுத்தேன். நாலு வருஷமாக அவை அங்கேயேதான் கிடக்கின்றன. எழுத்துத் தெரியாதவன் இருக்கிற வீட்டில் எதையும் ஒளித்து வைக்கத் தேவையில்லை பார். நீ எழுதுவதை எல்லாம் அம்மா எனக்குக் கணீரென்று வாசித்துக் காட்டுவாள். அவள் எத்தனை வரிகளை விழுங்கியிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்க ஒரு கடிதத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. ‘அப்பாவிடம் சொல்ல வேண்டாம்’ என்ற வரியை மட்டும் சீக்கிரம் வாசித்துவிடுவேன், எல்லாக் கடிதத்திலும் அது வருவதால் பழகிவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன் நான் உன்னைப் பார்க்க வந்திருந்தபோது, உன் ஆராய்ச்சிக்காகத் தலைக்குள் படம் எடுக்கிற அந்த எம்.ஆர்.ஐ. காந்தக் குழாய்க்குள் என்னைப் படுக்க வைத்தாயே, அன்றைக்கு என் தலை ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்ததாம், படத்தில் என் தலை ஐந்தாறு தலையாக ஒன்றன் மேல் ஒன்று நிழலடித்ததாம், இது நடுக்க வியாதியின் தொடக்கமாக இருக்கும், அப்பாவைக் கவனித்து எனக்கு எழுது என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். ஒரு தலையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதாதா. அப்போதிருந்துதான் எனக்கு டீ அரை டம்ளர் வர ஆரம்பித்தது. சர்க்கரைக்குப் பயந்து குறைக்கிறாள் என்று நினைத்தேன், சிந்திவிடுவேன் என்று குறைத்திருக்கிறாள். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் காலைப் பிடித்துக்கொள்வாள், இந்த வயதில் இவ்வளவு பிரியமா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பக்கத்து வீட்டில் தச்சர் வேலை நடந்த மாதம் அவள் உனக்கு ‘ரொம்ப ஆடுகிறது’ என்று எழுதியிருக்கிறாள், தச்சர் போனதும் ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று எழுதியிருக்கிறாள். அதைத்தான் நீ அடுத்த கடிதத்தில் எழுதி, வியாதி இப்படித்தான் ஏறி இறங்கும் என்று அவளுக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறாய்.

இனி நான் சொல்வதைக் கேள். முப்பத்தெட்டு வருஷம் நான் தகடு வெட்டும் பிரஸ்ஸில் நின்றவன். ஷெட்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள், அதனால் நீயும் பார்த்ததில்லை, அம்மாவும் பார்த்ததில்லை. மேலே இருந்து இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும், அதுதான் ஒரு தட்டு, இரும்பு ஏறியதும் வெட்டியதை எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும், வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்துவிட்டோம் என்பதற்கு அடையாளமாக ஒரு தலையாட்டல். தலை ஆடினால்தான் கால் மிதியில் அழுத்தும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க இதைத்தான் பழக்குவார்கள். தட்டுக்கு ஒரு தலையாட்டல், ஒரு நாளைக்கு ஆறாயிரம் தட்டு. உன் குழாய்க்குள் ஆடாமல் படுத்திருங்கப்பா என்று சொல்லிவிட்டு நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாய். உள்ளே டொக் டொக்கென்று எங்கள் பழைய மிஷின் போலவே தட்ட ஆரம்பித்தது. எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா. நான் ஆடவில்லை என்றுதான் நினைத்தேன், கழுத்து தன் வேலையைப் பார்த்திருக்கிறது. வேலை செய்தவன் கண்ணில் இரும்புத் தூள் இருக்கும், காந்தம் இழுத்துவிடும் என்று முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவள் நீ, அவ்வளவு கவனம். ஆனால் நாலு வருஷம் என் தலையை ஆராய்ச்சி செய்த நீ, அதற்குள் இருந்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பேச்சை நீ நம்பமாட்டாய் என்று தெரிந்து நரம்பு டாக்டரிடம் போனேன். துணைக்கு என் பக்கத்து மிஷின்காரனை, நீ கல்லுளி மாமா என்று கூப்பிடுவாயே, அவனைக் கூட்டிப் போனேன். டாக்டர் விரலை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கோடு போடச் சொன்னார், நான் கேட்காமலே என் பெயரையும் எழுதிக் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறதே, பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே மேஜையைப் பேனாவால் டொக் டொக்கென்று தட்டினார். என் தலை ஆடியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த கல்லுளியின் தலையும் ஆடியது. டாக்டர் நிறுத்தினார், நாங்களும் நிறுத்தினோம். மறுபடி தட்டினார், மறுபடி ஆடினோம். எத்தனை நாளாக இப்படி என்றார். வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிற கல்லுளி அன்றைக்கு அதில் பாதியைச் செலவு செய்துவிட்டான்: “ஆட்டாதவன் விரலை எண்ணிப் பாருங்க டாக்டர்.” டாக்டர் எங்கள் கைகளைப் பார்த்தார். இருபது விரலும் இருந்தன. பிறகு சொன்னார், “பெரியவரே, உங்க ரெண்டு பேருக்கும் இருந்தது வேலை, வியாதி இல்ல. போயிட்டு வாங்க.” அவர் எழுதிய சீட்டை இதனுடன் வைத்திருக்கிறேன். அவர் எழுத்து என் எழுத்தை விட மோசம்.

இப்போது உன் கடைசிக் கடிதத்துக்கு வருகிறேன். ஆடுகிற நோயாளிகளைத் தெளிவாகப் படம் எடுக்க நீ கண்டுபிடித்த கணக்கு அப்பா படத்தைக் கண்ணாடி போலத் துடைத்துக் கொடுத்தது, பரிசும் வாங்கிக் கொடுத்தது, ஆனால் உண்மையான நோயாளிகளுக்கு வேலை செய்யவில்லை, ஏன் என்று தெரியவில்லை, மனம் விட்டுப்போய்விட்டது, வருஷக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். மகளே, நான் படிக்காதவன்தான், ஆனால் மிஷின் தெரியும். நான் உன் மிஷின் தட்டுக்குத் தாளம் தப்பாமல் ஆடினேன். நோயாளி உன் மிஷினைக் கேட்டுக்கொண்டா நடுங்குவான். உலகத்தில் ஒரே ஒருவனுக்குப் பலிக்கிற கணக்கை நீ கண்டுபிடித்திருக்கிறாய், அவனுக்கு வியாதியும் இல்லை. இதை உனக்குப் பரிசு கொடுத்த பெரியவர்களிடம் சொன்னால் தலைகுனிவுதான். ஆனாலும் சொல்லிவிடு. தப்பு அளவில் வெட்டின தகட்டை நல்லதோடு கலந்து அனுப்பினால் அது வேறு எங்கேயோ போய்ப் பொருந்தாமல் நிற்கும். என்னை வேண்டுமானால் மறுபடி கூப்பிடு. பாதி நேரம் ஆட்டுகிறேன், பாதி நேரம் கழுத்தைக் கட்டிப்போடு, இரண்டையும் வைத்துப் பார். வேலையை விடுவதை அதற்குப் பிறகு யோசி. எனக்காக விடாதே, எனக்கு ஆள் தேவையில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தச் சீட்டு கைக்கு வந்து பதினாறு நாள் ஆகிறது. கடிதம் எழுத ஒன்பது நாள்தான் ஆயிற்று. மிச்சம் ஏழு நாள் நான் பேனாவைத் தொடவில்லை. நீ வருகிறாய் என்று என் கண்ணாலேயே வாசித்த சந்தோஷத்தில் எனக்கு வியாதி இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றிவிட்டது. நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அவ வந்து இறங்கினதுக்கு அப்புறம் இந்த நல்ல சேதியைச் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பீங்க?” என்றாள். டீ மட்டும் இன்று காலை முழு டம்ளர் வந்தது, ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நூறு வயது நன்றாக இரு. நினைத்தது கைகூடட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பெரியவர்களிடம் என்றைக்குச் சொல்லப் போகிறாய் என்று தேதி போட்டு எழுது, கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

இப்படிக்கு,
நீ வர மாட்டாயா என்று தினமும் ஏங்கி, வராதே என்று எழுதும்
உன் அப்பா