கதவைத் தட்டிய கொரியாக்காரன்

என் தங்கத்துக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பக்கத்து வீட்டு ராஜஸ்ரீ டிவியில் போட்டுக் காட்டியதிலிருந்து தினமும் மத்தியானம் கொரியா சீரியல்தான் பார்க்கிறேன். எனக்கு அத்தனை பிடித்தம் இல்லை. ஆசையைச் சொல்லவே ஒருத்தன் பன்னிரண்டு எபிசோடு எடுத்துக்கொள்கிறான்! சாப்பாட்டை மட்டும் வாயூறக் காட்டுகிறார்கள். பக்கவாதம் வந்ததிலிருந்து எட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாத உன் அப்பாவையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்வேன்.

இன்றைய கதையில் ஒரு மகன் மழையில் நின்று கதவைத் தட்டுகிறான். அப்பன்காரன் உள்ளே அசையாமல் இருக்கிறான். மூன்று வருஷத்துக்கு முன் நம் வாசலில் நீ நின்றதை நான் எழுதப் போவதில்லை. அன்றும் மழைதான்.

"கல்நெஞ்சன்!" என்று டிவியைப் பார்த்துத் திட்டினேன்.

"கதவைத் திறடி."

குழறல்தான். ஆனால் உன் அப்பாவின் குரல்!

"ஏன்னா, அது டிவியாக்கும்! நா எப்படித் திறப்பேன்?" என்றேன்.

அவர் டிவியைப் பார்க்கவே இல்லை. நம் வாசற்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழந்தை நனையறான்" என்றார்.

நம் கரமனையில் இன்று சுள்ளென்று வெயில். இருந்தாலும் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உன் அம்மா