மெஷின் எனக்கு, பேப்பர் அவளுக்கு

மார்ச் 3

கீசர் மறுபடியும் படுத்துவிட்டது. இந்த வருஷத்தில் மூன்றாவது எலிமெண்ட். எங்கள் தெருத் தண்ணீர் உப்புக்கு இரும்புக் குழாயே தாக்குப்பிடிக்காது, எலிமெண்ட் எம்மாத்திரம்? கழற்றிப் பார்த்தேன். மேலே விரல் கனத்துக்கு வெள்ளைவெளேரென்று உப்பு.

"முப்பத்திநாலு வருஷம் ஊரான் வீட்டு ஃப்ரிட்ஜெல்லாம் சரி பண்ணின மனுஷன் வீட்டுல ஒரு வாளி வெந்நீருக்கு வக்கில்லை" என்று சிரிக்கிறாள் என் மனைவி. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சிரிக்கிறாள். அச்சகத்தில் எட்டு மணி நேரம் குனிந்து பிழை திருத்துகிறவள். காலையும் மாலையும் சூடாக ஊற்றிக்கொண்டால்தான் நிமிர முடியும். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். இந்த வெயிலில் வெந்நீரா என்று பக்கத்து வீட்டம்மா கேட்டதற்கு, "வெயில் என் இடுப்புக்குள்ள அடிக்கலையே" என்றாளாம்.

பையன் போன் செய்தான். அவன் ஃப்ளாட்டுக்கு அடுத்த ஃப்ளாட் இன்னும் காலிதான். "வீட்டை வித்துட்டு வந்துடுங்கப்பா, நாலு பேரும் பக்கத்து பக்கத்துல இருக்கலாம்." எனக்கு ஆசைதான். ஓய்வு பெற்று ஒரு வருஷமாகச் சுவரை நான் பார்க்கிறேன், சுவர் என்னைப் பார்க்கிறது. அவளிடம் போன மாதமே சொன்னேன். "பாக்கலாம்" என்றாள்.

மார்ச் 5

மீட்டர் வந்தான். என்னோடு வொர்க்ஷாப்பில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தவன். சட்டைப்பையில் எப்போதும் வோல்ட் மீட்டர் இருக்கும், அதனால் அந்தப் பெயர். இப்போது ஹீட் பம்ப் லீசுக்கு விடுகிற கம்பெனியில் இருக்கிறான்.

"அண்ணே, கீசரைத் தூக்கிப் போடுங்க. ஹீட் பம்ப் வைங்க."

ஹீட் பம்ப் என்றால் என்னவென்று எனக்கே பாடம் எடுத்தான், படவா. ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட கதைதானே? ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளும். இது வெளியே இருக்கிற சூட்டை உள்ளே இழுத்துத் தண்ணீரில் விடும். குளிர் ஊர்க்காரன் காற்றில் சூட்டைத் தேடி எடுக்க வேண்டும். நமக்கு வாசலில் சும்மா கொட்டிக் கிடக்கிறது.

வாங்கினால் விலை கையைக் கடிக்கும், லீசுக்கு எடுங்கள், ரிப்பேர் கம்பெனி பொறுப்பு என்றான். "ரிப்பேரா? எங்கிட்டயா?" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். "அண்ணி இடுப்புக்காகவாவது வைங்கண்ணே" என்றான். அவளுக்கும் பிடித்துவிட்டது.

மார்ச் 6

கம்பெனி குடோனுக்கே போய் மெஷின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கம்ப்ரசர் நல்ல சாமான். காப்பர் பைப் வளைவுகளில் ஒரு நெளிசல் கிடையாது. பற்றவைப்பு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காது வைத்துக் கேட்டேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 7

வீட்டு விஷயத்தை இன்று அவளிடம் சொன்னேன். பல் டாக்டர் ஒருவர், கீழே கிளினிக், மேலே குடித்தனம் என்று வீடு தேடுகிறார். தங்கமான மனிதர். விலை பேசி முடித்துக் கை கொடுத்துவிட்டேன்.

அவள் மதியச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். "எப்ப கை கொடுத்தீங்க?"

"முந்தா நாள்."

"அப்படியா" என்றாள். டப்பாவை மூடினாள். அச்சகத்துக்குப் போய்விட்டாள். குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள், இந்த வெயிலில்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். போகப் போகச் சரியாகிவிடும்.

மார்ச் 8

லீஸ் கையெழுத்தாகிவிட்டது. பதினோரு பக்கம்.

எங்கள் வீட்டில் இது கல்யாணமான வருஷத்திலிருந்து உள்ள ஏற்பாடு. மெஷின் எனக்கு, பேப்பர் அவளுக்கு. எந்தக் காகிதம் வந்தாலும் அவள் பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பாள். படித்து முடித்த பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு டிக். டிக் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். வீட்டுக் கடன், பையன் காலேஜ், என் கண் ஆபரேஷன் எல்லாமே அப்படித்தான். ஒரு தடவைகூடத் தப்பானதில்லை.

அவளும் மீட்டரும் மேஜையில் பேப்பரோடு இருந்தபோது நான் பின்சுவரில் சாக்பீஸால் பிராக்கெட்டுக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, கையைத் துடைத்துவிட்டுப் பதினோரு கையெழுத்து.

வீட்டை விற்கிற நேரத்தில் லீஸ் எதற்கு என்று எனக்கும் ஒரு நொடி தோன்றாமல் இல்லை. நாலு போல்ட்டைக் கழற்றினால் மெஷின் வண்டியில் ஏறிவிடும். இல்லையென்றால் டாக்டரே வைத்துக்கொள்ளட்டும். புது மெஷினோடு வீடு கிடைத்தால் கசக்குமா?

மீட்டர் ஏனோ டீ கூடக் குடிக்காமல் ஓடிவிட்டான்.

மார்ச் 12

மாட்டியாச்சு. தண்ணீர் 54 டிகிரி. சத்தமே இல்லை. மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது.

மார்ச் 20

மெஷின் பின்னால் ஜில்லென்று காற்று வருகிறது. அங்கே நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறேன். சொட்டுகிற தண்ணீரை அவள் செடிகளுக்கு ஊற்றுகிறாள். இடுப்பு வலி பாதி போய்விட்டதாம். பின்சுவரில் துணிக்கொடி கட்ட இரண்டு புது ஆணி அடித்திருக்கிறாள். விற்கப் போகிற வீட்டில் ஆணி எதற்கு? கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள்.

மார்ச் 29

எல்லாம் போச்சு.

பல் டாக்டரின் வக்கீல் கண்டுபிடித்திருக்கிறார். லீஸ் பத்து வருஷம். அதுவரைக்கும் கம்பெனி எழுதிக் கொடுக்காமல் வீட்டை விற்க முடியாது. பதினாலாவது விதி. மெஷினுக்கு இல்லை, வீட்டுக்கே பூட்டு! டாக்டர் போனில், "எனக்கு வம்பு வேண்டாம் சார், நான் வேற இடம் பாக்கறேன்" என்றார்.

பையன்கிட்ட என்னன்னு சொல்வேன்? கார்ப்பெண்டரை வரச்சொல்லி அடுத்த ஃப்ளாட்டை அளந்துகூட வெச்சிருக்கான்.

மீட்டர். டேய் மீட்டர். என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவன்டா நீ. நான் வீட்டை விக்கப் போறேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே செஞ்சிருக்கே.

மார்ச் 30

அவன் ஆபீசுக்கே போய்க் கத்திவிட்டு வந்தேன். எல்லாரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே. "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா, உன் டார்கெட்டுக்கு என் வீடுதான் கிடைச்சுதா?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் செத்துப்போன அம்மாவைக்கூட இழுத்தேன் என்று நினைக்கிறேன்.

அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, பேப்பரைப் படிச்சீங்களா?"

"நான் என்னடா படிக்கிறது? அவ படிச்சா!"

தலையைக் குனிந்துகொண்டான். குற்றமுள்ள நெஞ்சு, அதான் பேச்சு வரலை. இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாம் சொன்னேன். "அவரை ஏன் திட்டினீங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 1

கோபத்தில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன். யார் மேல் கோபம் என்று மெஷினுக்குத் தெரியுமா?

ஏப்ரல் 4

கம்பெனி மேல் புகார் எழுதலாம் என்று லீஸ் நகலை எடுத்தேன்.

பதினோரு பக்கத்திலும் டிக். ஏழாம் பக்கத்தில் பதினாலாவது விதி. அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு போட்டு, ரப்பரால் அழித்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. பக்க ஓரத்தில் வழக்கம்போல டிக்.

புள்ளி ஒன்று விட்டுப்போனாலே அடுத்த மேஜையிலிருந்து சொல்லிவிடுவாள் என்று அச்சகத்தில் பெயர் எடுத்தவள். கோடு போட்டவள் படிக்காமல் கோடு போடுவாளா?

தலைவலியாக இருந்திருக்கும். மறந்திருப்பாள்.

மறந்தால் எதற்கு அழிக்க வேண்டும்?

ஏப்ரல் 5

மீட்டர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் "வாங்கண்ணே" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு நான் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டிருக்கிறாள், பத்து வருஷத்துக்கு வீட்டை விற்க முடியாதா என்று. "'ஆமா அண்ணி, கஷ்டம்'னேன். லீஸ் கைநழுவிப் போச்சுன்னு நெனச்சேன்" என்றான். அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அப்புறம் கோட்டை அழித்துவிட்டு டிக் போட்டாளாம். "அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க சொல்ல வேண்டாம்" என்றாளாம்.

"நீயாவது சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருக்கணும்ணே. அண்ணி சொல்லிட்டாங்கன்னு நெனச்சு நெனச்சு என்னையே ஏமாத்திக்கிட்டேன். எனக்கும் அந்தக் கையெழுத்து தேவையா இருந்துச்சு."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவனும் கேட்டான். இரண்டு கிழவர்கள் வாசலில் நின்று அழுதது தெருவுக்கே வேடிக்கை.

ஏப்ரல் 6

கேட்டேன்.

"பதினாலாவதைப் படிச்சியா?"

"ரெண்டு தடவை படிச்சேன்."

கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏன் சொல்லலை?"

"நீங்க கை கொடுத்துட்டு வந்துதானே சொன்னீங்க? நானும் கையெழுத்து ஆகட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் வாய் வரலை."

வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா என்று கத்தினேன். "மாட்டீங்க" என்றாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, பையன் கூப்பிடறான்னு சொல்லியிருப்பீங்க. பதினோரு வாடகை வீடுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ஆணி அடிக்க யார்கிட்டயாவது கேட்டு நின்னேன். இந்த வீட்டுல மட்டும்தான் கேக்காம அடிக்கறேன். பாதிக் கடன் என் சம்பளத்துல கட்டினது. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்டேனே, பாக்கலாம்னு சொன்னாளே— இல்லை. கேட்கவில்லை. சொன்னேன். வொர்க்ஷாப்பில் விலை கேட்டுவிட்டுப் பாக்கலாம் என்று போன கஸ்டமர் எவன் திரும்பி வந்தான்? எனக்குத் தெரியாதா?

ஆனாலும் ஆறலை. "முப்பது வருஷம் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டவன்டி நான். என்னைப் போய் ஏமாத்த உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"நீங்க கண்ணை மூடிக்கிட்டதாலதான் முடிஞ்சுது" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். நான் பின்பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 7

வொர்க்ஷாப் சர்வீஸ் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

புகார்: வீடு விற்கவில்லை. காரணம்: நான். அப்புறம் அவள். அவள் பெயரை முதலில் எழுதி, கோடு போட்டு அடித்துவிட்டேன். சரி செய்தது: ஒன்றுமில்லை.

ஏப்ரல் 13

பேச்சு இருக்கிறது. சாப்பாடு ரெடி, பால்காரர் வந்தார், குழாயை மூடுங்க. அவ்வளவு.

மின்சார ரசீது ஒன்று வந்தது. டிக் போட்டு மேஜையில் வைத்திருந்தாள். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசீதில் என்ன சூது இருக்க முடியும்? பைத்தியக்காரத்தனம்.

ஏப்ரல் 21

மீட்டர் தன் மேலதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிச் சம்மதப் பத்திரம் வாங்கி வந்தான். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் லீஸ் பல் டாக்டர் பெயருக்கு மாறிவிடும். வீட்டை விற்கலாம். டாக்டருக்கும் வேறு இடம் அமையவில்லையாம், இன்னும் தயார்தான் என்கிறார். நாலு பக்கம். மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஏப்ரல் 26

காலையில் பத்திரம் என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே பேனா. நாலு பக்கத்திலும் டிக்.

"படிச்சுட்டேன். எல்லாம் சரியா இருக்கு. போட்டுடுங்க" என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது.

பேனாவை எடுத்தேன். டிக் இருக்கிறது. முப்பது வருஷமாக அது போதும். கை ஓடவில்லை.

எழுந்து போய் அலமாரியில் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணாடியை மாட்டுவதைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

முதல் பக்கத்தில் ஆரம்பித்தேன். விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக. சட்டத் தமிழ் எனக்குப் புரிகிற வேகத்தில் முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் உட்காரவில்லை.

"படிச்சாச்சா?"

"ம்."

"சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கு" என்றேன். சரியாகத்தான் இருந்தது. ஒரு புள்ளிகூடத் தவறில்லை.

தலையை ஆட்டினாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு குளிக்கப் போனாள். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

கையெழுத்துப் போடவில்லை. பத்திரத்தை டிராயரில் வைத்துப் பூட்டினேன். நாளைக்கு டாக்டரிடம் வேறு இடம் பார்க்கச் சொல்ல வேண்டும். பையனிடம் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம். மெஷின் ஃபில்டரைக் கழுவி மாட்டினேன்.

கண்ணாடியைத் திரும்ப அலமாரியில் வைக்கப் போனேன். வைக்கவில்லை. மேஜையிலேயே இருக்கட்டும், அடுத்த காகிதம் வந்தால் வேண்டும்.