மூன்று புள்ளி ஏழு

மார்ச் 4, செவ்வாய்

காலைக் கூட்டம். நிர்வாகி சுவரில் படம் போட்டுக் காட்டினார். ஆஸ்பத்திரியின் எல்லாப் பிரிவுகளுக்கும் பச்சைக் கட்டம், என் லேபுக்கு மட்டும் சிவப்பு. சரியில்லை என்று நாங்கள் வார்டுக்குத் திருப்பி அனுப்பும் ரத்த சாம்பிள்கள் நூற்றுக்கு ஆறாம். இரண்டுக்குக் கீழே வர வேண்டுமாம். வந்த நாளிலிருந்து இந்த மனிதர் எதையும் நூற்றால் வகுக்காமல் பேசியதில்லை. என் ஆட்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சதவீதம் சார்.

விளக்கினேன். வார்டில் மெல்லிய ஊசியில் இழுத்து, சிரிஞ்சை அழுத்தி ட்யூபுக்குள் பீய்ச்சுகிறார்கள். ரத்த அணுக்கள் உடைகின்றன. ட்யூபை மெஷினில் வேகமாகச் சுற்றி எடுத்தால் மேலே வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய சீரம் ரோஸாக நிற்கிறது. உடைந்த அணுவிலிருந்து பொட்டாசியம் சீரத்தில் கொட்டி, அளவு பொய்யாக ஏறிவிடும். ஊசி குத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்றேன். தலையாட்டினார். பிறகு வாசலில் நிறுத்தி, மெதுவாகத்தான் சொன்னார்.

"மேடம், வெளியில ஒரு கம்பெனி மொத்த லேபையும் எடுத்துக்கறேன்னு நிக்குது. உங்களையும் சேர்த்து ஒன்பது பேர். நான் உங்க பக்கம்தான். நம்பரை மட்டும் இறக்குங்க."

மார்ச் 6, வியாழன்

ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். லேசான ரோஸ் என்றால் மெஷினில் போடுங்கள், அதற்கு மேல் என்றால் என்னிடம் காட்டுங்கள். மற்றவர்கள் போனபின்னும் கழுகு மட்டும் நகரவில்லை. பதினாறு வருடமாக மெஷினில் இருக்கிற சீனியர் டெக்னீஷியன். நூலளவு ரத்தக்கட்டி இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும், அதனால் அந்தப் பெயர்.

"லேசுன்னா எவ்ளோ லேசு மேடம்?"

அறைக்குள் வந்துவிட்டேன். இருபத்தாறு வருட சர்வீஸ். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று எனக்கே தெரியாது.

மார்ச் 10, திங்கள்

இரண்டு புள்ளி ஒன்று. லிஃப்ட்டில் சதவீதம் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் பெண்கள் வார்டிலிருந்து ஒரு சாம்பிள். கழுகு கையில் தூக்கிக்கொண்டே வந்தான். லேசான ரோஸ் எல்லாம் இல்லை, தர்பூசணிச் சாறு. நான்கு நாள் வாந்தி பேதியோடு வந்த பெண், நரம்பே கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பினால் நான்காவது குத்து. அதோடு இன்றைய நம்பரும் இரண்டைத் தாண்டிவிடும். எது முதலில் மனதில் வந்தது? நம்பர்தான். என் நோட்டில் எனக்கே பொய் எழுத முடியாது.

போடு என்றேன். பொட்டாசியம் 3.7. நார்மல். கீழே மெஷின் தானாக ஒரு வரி போட்டிருந்தது: ரத்தம் உடைந்துள்ளது. அந்த வரி இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். ரிப்போர்ட்டிலிருந்து அந்த வரியை நானே எடுத்தேன்.

அரைமணி கழித்து டியூட்டி டாக்டர் போன் செய்தார்.

"கால் ரெண்டும் துவண்டு கிடக்கு மேடம். பொட்டாசியம் இறங்கியிருக்கும்னு நெனச்சேன், நார்மல்னு வந்திருக்கு. நம்பலாமா?"

"மெஷின்ல வந்தது அதுதான் டாக்டர்."

பொய் சொல்லவில்லையே.

மார்ச் 12, புதன்

அந்தப் பெண் காலை ஆறரைக்குப் போய்விட்டாள். இதயம் நின்றுவிட்டதாம். வயது முப்பத்தெட்டு.

கழுகு சொன்னான். சொல்லிவிட்டு நிற்கவில்லை, போய்விட்டான்.

மார்ச் 13, வியாழன்

பொட்டாசியம் அடியோடு இறங்கினாலும் இதயம் நிற்கும். அவளுக்கு இறங்கித்தான் இருந்திருக்க வேண்டும். உடைந்த அணுக்கள் பள்ளத்தை நிரப்பிக் காட்டிவிட்டன, தண்ணீர் ஊற்றி அளந்த பால் மாதிரி. உண்மையான அளவு என்ன? இனி யாராலும் சொல்ல முடியாது. ஒருவேளை வேறு காரணமாகவும் இருக்கலாம். இருக்கலாம் இருக்கலாம் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ட்யூப் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. எந்த சாம்பிளும் ஏழு நாள் வைத்திருந்து பிறகு கொட்டுவோம். அவளுடையது மூன்றாவது தட்டில், ஓரமாக. இன்று நான்கு முறை திறந்து பார்த்துவிட்டேன்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "நீயா ஊசி குத்தின?" என்று கேட்டார். ஆறுதலுக்குத்தான் கேட்டார், பாவம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 15, சனி

அவளுடைய கணவர் கவுண்டருக்கு வந்தார், ரிப்போர்ட் நகல் கேட்டு. தையல்காரர். நகலை விரலால் தடவித் தடவி வாசித்தார்.

"எல்லாம் நார்மல்தானேம்மா இதுல? டாக்டரும் அதத்தான் சொன்னாரு. ரிப்போர்ட்ல ஒரு குறையும் இல்ல, நீங்கதான் ரெண்டு நாள் லேட்டா கூட்டிட்டு வந்தீங்கன்னு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் இருந்துச்சு. முடிச்சிட்டுப் போலாம்னு நான்தான் சொன்னேன்."

முத்திரை குத்திக் கொடுத்தேன். முத்திரை கோணாமல் நேராக விழுந்தது. அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

நிர்வாகியிடம் போனேன். முழுவதும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. வரியை எடுத்ததாக நான் எங்காவது எழுதி வைத்தேனா என்று கேட்டார். இல்லை. சாம்பிள் சரியில்லை என்று கழுகு எழுதினானா? இல்லை. "அப்புறம் என்ன மேடம், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஏழாம் நாள். கொட்டும் தட்டிலிருந்து அந்த ட்யூபை மட்டும் எடுத்து ஃப்ரிட்ஜின் பின்னால் தள்ளி வைத்தேன். கழுகு பார்த்தான். அவன் பார்ப்பதை நான் கவனித்ததையும் பார்த்தான்.

வேறெதுவும் செய்யவில்லை. ஒன்பது குடும்பம் என்று சொல்லிக்கொள்கிறேன். மற்ற எட்டுப் பேரை விட்டால், பயப்படுகிற ஆள் யார் என்று எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 2, புதன்

ஒன்று புள்ளி ஆறு. எங்களுக்குச் சான்றிதழ். ஒன்பது பேருக்கும் புதுக் கோட்டு. அளவெடுக்க வந்தவர் அந்தப் பெண்ணின் கணவர். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் பல வருடமாக அவர்தான் தைக்கிறாராம், எனக்குத் தெரியாது.

கையைத் தூக்குங்கம்மா என்றார். தூக்கினேன். டேப்பைத் தோளில் வைத்தவர், அளவைக் குறிக்க மறந்து நின்றுவிட்டார். மறுபடி வைத்தார். "இப்பல்லாம் அடிக்கடி இப்படி ஆகுது" என்றார். "அந்த ரெண்டு நாள்தாம்மா. மிஷின்ல உக்காந்தாலே அதுதான் ஓடுது."

என் கை தூக்கியபடியே இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

திருத்திய ரிப்போர்ட் அடித்தேன். பொட்டாசியம்: சாம்பிள் தகுதியற்றது, முன்பு தந்த அளவு செல்லாது. காரணம்: ரத்தம் உடைந்திருந்தது, அறிந்தே வெளியிடப்பட்டது. கையெழுத்து என்னுடையது மட்டும். ஒரு நகல் நிர்வாகிக்கு, ஒன்று டியூட்டி டாக்டருக்கு. மூன்றாவதை நானே தையல்காரரின் கடைக்குக் கொண்டுபோனேன்.

நின்றபடியே எல்லாம் சொன்னேன். டாக்டர் போனில் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் காகிதத்தைக் கத்திரிக்கோலுக்கு அடியில் வைத்துவிட்டு, போட்டிருந்த தையலை முடித்தார். நீளமான தையல். நூலை அறுத்தபின், "போயிட்டு வாங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

விசாரணை. ட்யூபை மேஜையில் வைத்தேன். சதவீதம் சார் அதைப் பார்க்கவே இல்லை. டியூட்டி டாக்டர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

வராந்தாவில் கழுகு.

"சொன்னது தப்புன்னு சொல்லல மேடம். எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

மே 2, வெள்ளி

லேப் கம்பெனிக்குப் போய்விட்டது. ஐந்து பேரை எடுத்துக்கொண்டார்கள். கழுகை எடுக்கவில்லை. சாம்பிள்களை அதிகம் திருப்புவான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 9, திங்கள்

காலை பதினொரு மணி. திங்கட்கிழமை இந்த நேரத்தில் என் வீட்டு வெளிச்சம் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பழகிவருகிறது.

கதவு தட்டும் சத்தம். தையல்காரர், கையில் ஒரு பொட்டலம். கோட்டு. நான் இப்போது அங்கே இல்லையே என்றேன்.

"தெரியும்மா. உங்க அளவுக்குத் தைச்சது, வேற யாருக்கும் சேராது."

உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. மாடிப்படியில் இரண்டு படி இறங்கியவர் திரும்பி நின்றார். கோபமாகக் கேட்கவில்லை. துணி எத்தனை மீட்டர் என்று கேட்கிற குரல்தான்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்மா. டாக்டர் போன்ல நம்பலாமான்னு கேட்டாருல்ல. நம்பாதீங்கன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"ஒரு செகண்டுங்க."

தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.