அகச்சிவப்பில் ஜக்கம்மாள்

2025 ஜூன் 3, செவ்வாய்
பழைய கேமராவைக் கடையில் கொடுத்துப் பிரித்து மாற்றி வாங்கியது வீண்போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பிடிக்கிறது. படத்தில் கொல்லை வேப்பிலை அத்தனையும் வெள்ளை. என் முகத்தையும் எடுத்தேன். வாயைச் சுற்றி, வலது கண்ணோரம் – ஒன்பது வருடமாக இருக்கும் வெண்திட்டுகள் – படத்தில் இல்லவே இல்லை! எவ்வளவு நேரம் பார்த்தபடி நின்றேனோ.

ஜூன் 5
"இந்தப் படத்தையே நம்ம ஸ்டுடியோ போர்டுல போட்டுரு லிடியா" என்றார் என் கணவர் இனிகோ. போன மாதம் படம் எடுக்கப் போன ஒரு கல்யாண வீட்டில், என் திட்டைப் பார்த்து, "முகூர்த்தத்துக்கு வேற ஆள அனுப்பும்மா" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வருத்தத்தில்தான் சொல்கிறார். எனக்கு ஏன் கோபம் வந்தது?
போர்டில் போடப்போவதில்லை. என்னைப் போன்றவர்களை எடுத்துக் கண்காட்சி வைக்கப்போகிறேன்.

ஜூன் 14
தோல் டாக்டரிடம் பழக்கமான ஜக்கம்மாள் அக்கா வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வந்தார். மல்லிகை விவசாயம். முகம், கை எல்லாம் திட்டு. படத்துக்கு நின்று பதினோரு வருடமாம். இலை வெள்ளையாகும் கேமரா என்றதும் வேடிக்கை பார்க்க ஒத்துக்கொண்டார்.
நாற்பது படம். எல்லாம் பாழ். கண் மங்கல், நெற்றி நடுவே வட்டமாய் ஒரு வெளிச்சக் கறை.
"செத்த நேரம்னுதான சொன்ன? கழுத்து புடிச்சுக்கிருச்சு" என்றார் அக்கா.

ஜூன் 17
மங்கலுக்கும் கறைக்கும் காரணம் லென்ஸ். அதைத்தான் மாற்ற வேண்டும். மாற்றுவேன்.

ஜூன் 22
இன்று சரியாக வந்துவிட்டது. பளிங்கு முகம், கறுத்த ஆழமான கண். அக்காவிடம் காட்டினேன்.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு? எம்மக பாத்தா, ஆத்தா எங்கன்னுல்ல கேப்பா."
எனக்குச் சுருக்கென்றது. இம்புட்டு மெனக்கெட்டு எடுத்தா இப்படியா சொல்றது!
அக்காவே தொடர்ந்தார்: "கலர்லயும் ஒண்ணு எடு. ரெண்டையும் ஒட்டி மாட்டு. பாக்குறவுக பாக்கட்டும்."
அவரே கேட்டார். திட்டுத் தெரிய, கலரிலும் எடுத்தேன்.

ஜூலை 13
இதுவரை ஒன்பது பேர். ஆளுக்கு இரண்டு படம். பள்ளி ஆசிரியை ஒருவர் மட்டும் கலருக்கு மறுத்துவிட்டார். வற்புறுத்தவில்லை. அவர் படத்தை மாட்டவும் போவதில்லை.
எங்கள் சர்ச் பங்குச் சாமியார் கண்காட்சிக்குக் கோயில் ஹாலைத் தருகிறாராம்.
"ஒன்னோடது?" என்றார் இனிகோ. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 15
பவுடர் இல்லாமல் உட்கார்ந்தேன். இனிகோ கலரில் எடுத்தார். மூன்றாவது படத்தில் நேராகப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
பூசை முடிந்ததும் கூட்டம். ஒன்பது ஜோடிப் படம், என்னுடையதையும் சேர்த்து. ஒரு பெரியவர் இரண்டு ஜக்கம்மாளையும் மாறி மாறிப் பார்த்து, "எதும்மா நெசம்?" என்றார்.
அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தார். "ரெண்டும் நாந்தேன். நல்லாப் பாருங்க."
பெரியவர் நல்லாத்தான் பார்த்தார்.

ஆகஸ்ட் 25
ஒட்டன்சத்திரத்திலிருந்து போன். வியாழக்கிழமை கல்யாணம். பேசியது மணப்பெண்ணே. ஹாலில் படங்களைப் பார்த்து, ஜக்கம்மாள் அக்காவிடமும் பேசியவராம். கழுத்திலும் கன்னத்திலும் திட்டு இருக்கிறதாம்.
"அந்த வெள்ளை எலைக் கேமரா வேண்டாமுங்க அக்கா. சாதாக் கேமராவே கொண்டு வாங்க. நீங்களே வந்து எடுக்கோணும்."
வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வியாழன் காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.