அம்மாவின் கனவில் வரும் அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

முதலில் மன்னிச்சிருங்க. இறந்தவர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று நம் சபையில் சொல்வார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில். வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒரு வசனம் வாசிக்கச் சொன்னாலே குரல் எழும்பாத பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்த தைரியம் என்று நினைப்பீர்கள். தைரியம் இல்லை அப்பா. சொல்ல வேறு ஆள் இல்லை.

அம்மா தளவாய்புரத்தில் அதே நைட்டி கம்பெனியில்தான் தைக்கிறாள். நான் பி.எட். முடித்துவிட்டேன். ராஜபாளையம் போய் பஸ் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறப்புக் குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குத் தினமும் போய் வருகிறேன். என்னையும் அங்கே டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் வகுப்பில் முத்துமாரி என்று ஒரு சிறுமி. பேச்சு வராது. பாசிமணி கோக்கும் தட்டை முன்னால் வைத்தால் தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். "பாவம் டீச்சர், எடுத்துருங்க" என்பார் ஆயாம்மா. தட்டை எடுத்ததும் கடி நின்றுவிடும்.

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தது இதுதான். ஒரு பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறது என்று அதன் குணத்தில் தேடாதே. அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று பார். கடித்தால் தட்டு போய்விடுகிறது. அதனால் முத்துமாரி மறுநாளும் கடித்தாள். ஆனால் தட்டை எடுத்த எங்களுக்கும் ஒன்று கிடைத்தது, அப்பா. அமைதி. அதனால் மறுநாள் நாங்கள் இன்னும் சீக்கிரமாக எடுத்தோம். அவள் எங்களைப் பழக்கினாள், நாங்கள் அவளைப் பழக்கினோம். யாருக்கும் யார் மேலும் கெட்ட எண்ணம் கிடையாது.

அதைப் புரிந்துகொண்ட அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு வீட்டு நினைப்புதான்.

நான் வெளியூர் போகும் பேச்சு எழுந்தால் நீங்கள் அம்மாவின் கனவில் வருகிறீர்கள். திருச்சியில் வேலை கிடைத்தபோது வந்தீர்கள். மதுரையில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டபோதும் வந்தீர்கள். "ஏட்டி, ராத்திரி உங்கப்பா வந்தாக. வாசல்லயே நின்னுக்கிட்டு, பிள்ளைய அனுப்பாதன்னு சொன்னாக" என்பாள் அம்மா. பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ராஜபாளையத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். "நான் போகலம்மா" என்றதும் அவள் முகம் தெளியும். வலி மெல்ல அடங்கும். எனக்கும் மூச்சு வரும். அந்த மூச்சுக்காகத்தான் நான் ஒவ்வொரு தடவையும் அதையே சொல்கிறேன்.

அம்மா நடிக்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முத்துமாரியின் கையில் பல் பதிவது நிஜம். அம்மாவுக்கு வலிப்பதும் நிஜம். கண்டுகொள்ளாமல் இருந்தால் முதலில் கூடும், போகப்போகக் குறையும் என்று படித்திருக்கிறேன். 'முதலில் கூடும்' என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்குவது சுலபம். நீங்களும் இப்படித்தான் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தீர்கள். "வாயுதான் பிள்ளை, செத்த ஓமத்தண்ணி குடு" என்றீர்கள். நான் டம்ளரோடு வருவதற்குள் போய்விட்டீர்கள். அப்படி ஒன்று நடந்த வீட்டில், ஒரு நெஞ்சுவலியை எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பேன்?

இப்போது கோயம்புத்தூரில், பிள்ளைகளின் நடத்தையைப் புரிந்துகொள்ளும் இந்தப் பாடத்திலேயே ஆசிரியர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி. இடம் கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அம்மாவிடம் தனியாகச் சொல்லப் பயந்து, பக்கத்து வீட்டு ராணி அக்கா இருக்கும்போது சொன்னேன்.

"அவ என்ன சீமைக்கா போறா? பஸ் ஏறித் தூங்குனா கோயம்புத்தூரு" என்றார் ராணி அக்கா.

"உனக்கென்னட்டி. பெத்த மூணும் உன் வீட்டுக்குள்ளயே மேயுது. நான் யாருக்குச் சோறாக்க?"

"எனக்கு ஆக்கிப் போடுக்கா. எம்புட்டு வச்சாலும் திம்பேன்."

அம்மாவே சிரித்துவிட்டாள். நானும் நம்பிவிட்டேன். ஆனால் மறுநாள் காலை நீங்கள் வந்து போயிருந்தீர்கள்.

அந்தக் காலையில் நான் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டேன்: "உள்ள வந்தாகளாம்மா? வேற எதுவும் பேசுனாகளா?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கட்டி. நீ போற பேச்சு வந்தாத்தான் வாராக. மத்த நாள்ல எம்புட்டு ஜெபம் பண்ணிப் படுத்தாலும் வர மாட்டேங்காக."

சொல்லிவிட்டு அழுதாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவில்லை. சும்மா அழுதாள்.

பின்னால் என்ன கிடைக்கிறது என்று பார்க்கச் சொல்லித் தந்தார்களே. நான் வீட்டில் தங்கிவிடுவதுதான் அம்மாவுக்குக் கிடைப்பது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது மட்டுமில்லையா, அப்பா? உங்களைப் பார்க்க அவளுக்கு வேறு வழியே இல்லாமல் இருந்ததா?

முத்துமாரிக்கு இப்போது தட்டை வைப்பதற்கு முன்பே ஓய்வு கொடுக்கிறோம். கடித்தாலும் கடிக்காவிட்டாலும், செத்த நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்துவிடுகிறோம். கேட்காமலே கிடைக்கும் என்று தெரிந்த பிறகு கடி குறைந்திருக்கிறது. அடியோடு நிற்கவில்லை.

என் பை கட்டிலடியில் இருக்கிறது. துணியை அடுக்குகிறேன், எடுக்கிறேன், மறுபடி அடுக்குகிறேன். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறுவேனா, படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி வருவேனா, சத்தியமாகத் தெரியவில்லை. போனால் ஒன்று செய்வேன். அம்மா அழுதாள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் போனில் கூப்பிடுவது என்று வைத்துக்கொள்ள மாட்டேன். அவள் சிரிக்கிற நாள், சண்டை போடுகிற நாள், ஒன்றுமே நடக்காத நாள், எல்லா நாளும் கூப்பிடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இவ்வளவு எழுதியதும் ஒன்றைக் கேட்பதற்காகத்தான். அம்மாவின் கனவில் வராதீர்கள் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது அது வேண்டாம். நீங்கள் வாங்கப்பா. நான் எங்கும் போகாத நாளில் வாங்க, யாரையும் தடுக்க வேண்டியிராத நாளில் வாங்க. உள்ளே வந்து, அம்மா பக்கத்தில் சும்மா இருந்துவிட்டுப் போங்க.

உங்கள் பிள்ளை,
எஸ்தர்