முகம் காட்டிய விடை

அன்புள்ள கமலாவதிக்கு,

இணுவிலில் நான் நல்ல சுகம். உமக்கு முழங்கால் நோ குறைந்ததா? திருகோணமலையில் மழையாம், படியில் பார்த்து இறங்கும்.

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதேயும். கைகள் சொற்கேளாத பிரசாந்தியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அவள் சொல்லச் சொல்ல நான் எழுதும் முன்னோடிப் பரீட்சை இன்று தொடங்கியது. இது ஒழுங்காக நடந்தால்தான் சாதாரண தரப் பரீட்சைக்கும் எழுத ஆள் கேட்டு அதிபர் விண்ணப்பிப்பார். நான் குறிப்புக் காட்டினால் எல்லாம் போய்விடும்.

கணக்கு பாதிவரை நன்றாகப் போனது. பிறகு, "ஏழெட்டு ஐம்பத்துநாலு" என்றாள். என் பேனை நின்றுவிட்டது. இத்தனை வருடம் பிழை திருத்திய கை எழுத மறுத்தது. மேற்பார்வை ரீச்சர் கதிரையை விட்டு எழும்பினார்.

பிரசாந்தி சொல் சொல்லாகச் சொன்னாள்: "சேர், பிழையெண்டு உங்கடை முகமே சொல்லுது. இப்ப நான் மாத்தினால் அது உங்கடை விடை. ஐம்பத்துநாலெண்டே எழுதுங்கோ."

எழுதினேன். ரீச்சர் மெல்லத் திரும்பக் கதிரையில் இருந்தார்.

வெளியே வந்ததும், "பெரிய சோதனைக்கு வேறை ஆளைப் பாப்பமோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சேர். நான் கதைக்கிறது உங்களுக்குத்தான் விளங்கும். முகத்தை மட்டும் மூடிக்கொண்டு வாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை போன் எடும். அன்று பள்ளிக்கூடமில்லை, கதைக்க ஆளுமில்லை. கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும், அலுமாரியில் மிச்சமிருக்கும் முகக்கவசங்களும் கெதியாக அனுப்பும். அடுத்த கிழமை விஞ்ஞானம். அதிலும் எனக்கு விடைகள் தெரியும்.

அன்புடன்,
பஞ்சலிங்கம்